பேஜ்மேக்கர் ஓடுமா?

குழு: நம்ம வீடு

மார்கழிச் சனிக்கிழமை, காலை

அம்மா: உங்கள் அப்பா லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனார். குளித்து, விபூதி பூசி, காபியும் குடித்தாயிற்று. அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அண்ணன்: அதைத் தூக்கிப் போடுங்கள் அப்பா. 2017இல் வாங்கியது. பொங்கலுக்கு வரும்போது புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன்.

அப்பா: வேண்டாம். நன்றாகத்தான் ஓடுகிறது. - அப்பா

அம்மா: ஓடுகிறதாம்!

சித்தப்பா: இஎம்ஐயில் போடு தம்பி. மாதம் மூவாயிரம், நாலாயிரம்தான் வரும்.

அண்ணி: மாமா, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பர்ஃபார்மன்ஸ் என்று வரும் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

அப்பா: (படம்)

அப்பா: (படம்)

அண்ணன்: இரண்டிலும் உங்கள் கட்டைவிரல்தான் இருக்கிறது அப்பா.

அப்பா: சிபியு 14. மெமரி 71. டிஸ்க் 100.

அண்ணி: நினைத்தேன். பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது. அது உள்ளே தட்டு சுற்றுகிற பழைய ரகம், நிமிடத்துக்கு 5,400 சுற்று. எஸ்எஸ்டி என்பது சில்லில் சேமிக்கிற புது ரக டிஸ்க், அதில் சுற்றுவதற்கு ஒன்றுமே கிடையாது. அதை மாற்றினாலே சீக்கிரம் எழுந்துவிடும்.

அண்ணன்: கிழட்டு மாட்டுக்குப் புது லாடமா? அதில் இருப்பது இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ3 பிராசஸர். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். இதில் இருக்கிற விண்டோஸ் 10ஐ மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது.

அண்ணி: முழுக்கக் கைகழுவவில்லை. வீட்டில் பயன்படுத்துகிறவர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் காசும் கேட்பதில்லை.

சித்தி: (படம்: ரோஜாப்பூ, இனிய சனிக்கிழமை வணக்கம்)

நான்: அப்பா, உண்மையைச் சொல்லுங்கள். புதியது ஏன் வேண்டாம்? பணத்துக்காகவா?

(இருபது நிமிடம் அப்பா எழுதிக்கொண்டே இருந்தார்.)

அப்பா: பணம் இல்லை. புதியதில் பேஜ்மேக்கர் ஓடுமா? நான் பத்திரிகை வடிவமைக்கிற சாஃப்ட்வேர் அது. தை பிறந்ததும் ஏழு முகூர்த்தப் பத்திரிகை கையில் இருக்கிறது. எல்லாம் பழைய குடும்பங்கள். அக்காவின் பத்திரிகையை எடுத்து, மாப்பிள்ளை பெயரை மாற்றித் தங்கைக்குப் போடுகிறேன். 22 வருடக் கோப்பு அதில்தான் இருக்கிறது. போன வருடம் அடுத்த கடைக் கம்ப்யூட்டரில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். நிகழும் மங்களகரமான என்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் புள்ளியுமாக வந்து நின்றது. அந்தப் பையன் யூனிகோடில் மறுபடி அடித்துவிடுங்கள் சார் என்கிறான். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறையாம் அது. என் ஃபாண்ட் வேறு. என் கை டைப்ரைட்டரில் பழகிய கை. - அப்பா

அண்ணன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

நான்: என்ன எழுதி அழித்தாய்?

அண்ணன்: ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா?

அம்மா: யாராவது கேட்டீர்களா?

அண்ணி: மாமா, பேஜ்மேக்கர் கடைசியாக வந்தது 7. அது 2001இல் வந்தது. புது மெஷினில் ஓடலாம், மக்கர் செய்யவும் செய்யலாம். முகூர்த்த நேரத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். சிடி இருக்கிறதா?

அப்பா: இருக்கிறது. கீறல் விழுந்தது.

அண்ணி: அப்படியானால் குளோன்தான். பழைய டிஸ்க்கில் இருப்பதை இம்மி பிசகாமல் எஸ்எஸ்டிக்கு நகல் எடுப்பார்கள். விண்டோஸ், பேஜ்மேக்கர், ஃபாண்ட், உங்கள் மாப்பிள்ளைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் முதலில் பத்திரிகைக் கோப்புகளையும் ஃபாண்ட் ஃபோல்டரையும் ஒரு பென்டிரைவில் போட்டுவிட வேண்டும். ஒன்பது வருட டிஸ்க்கை நம்ப முடியாது.

சித்தப்பா: ரேமும் கூட்டிவிடலாமே?

அண்ணி: இப்போது வேண்டாம் சித்தப்பா. ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் விலை ஏறிக் கிடக்கிறது. பேஜ்மேக்கருக்கு இருக்கிற 4 ஜிபியே தாராளம்.

அம்மா: அப்படியே அந்த ஆட்டத்தையும் சரி செய்யச் சொல்லுங்கள். மேஜையில் வைத்தால் தடதடவென்று ஆடுகிறது. கல்யாணக் கார்டு ஒன்றை நான்காக மடித்து ஒரு மூலையில் முட்டுக் கொடுத்திருக்கிறார்.

அண்ணி: ஆடுகிறதா? டச்பேட் அழுத்தினால் அமுங்குகிறதா?

அப்பா: இல்லை. கொஞ்சம் மேலே தூக்கி இருக்கிறது. மவுஸ் வைத்திருக்கிறேன்.

அண்ணி: மாமா, பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு உடனே அணைத்துவிடுங்கள். அழுத்தவோ நெம்பவோ வேண்டாம், குத்தினால் தீப்பிடிக்கலாம். கடையில் அவர்களே கழற்றட்டும்.

அப்பா: சேவ் செய்துவிட்டு அணைக்கிறேன்.

அம்மா: சேவ் ஆகிறது. வட்டம் சுற்றுகிறது.

நான்: கார்டை எடுத்துவிட்டீர்களா?

அம்மா: நான் எடுத்துவிட்டேன். யார் கல்யாணம் என்று பார்த்தால் உன் கல்யாணம்.

சனிக்கிழமை, இரவு

அண்ணன்: நம் ஊர்க் கடையில் போனில் பேசிவிட்டேன். 512 ஜிபி எஸ்எஸ்டி, பேட்டரி, குளோன் கூலி எல்லாம் சேர்த்து 8,500. புதியதுக்கு நாற்பதாயிரம் எடுத்து வைத்திருந்தேன்.

அண்ணி: அது அப்படியே இருக்கட்டும். அக்டோபருக்கு முன்னால் மெயிலுக்கும் பேங்க் வேலைக்கும் தனியாக ஒன்று வாங்கிவிடலாம். அப்புறம் பழையதில் வைஃபையை நிறுத்திவிட்டால் பத்திரிகை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். மாமா, அதுவரை பேங்க் வேலையைப் போனிலேயே பாருங்கள்.

அப்பா: போன் எழுத்து சிறியது.

அண்ணன்: பெரிதாக்கித் தருகிறேன் அப்பா. பொங்கலுக்கு வருகிறேன்.

சித்தி: (படம்: நிலா, இனிய இரவு வணக்கம்)

செவ்வாய், காலை

அம்மா: வந்துவிட்டது. விபூதித் தட்டை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டதாம். குளிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணி: ஃபாண்ட் சரியாக இருக்கிறதா மாமா?

அப்பா: (படம்)

நான்: இதிலும் விரல்தான். ஆனால் ஓரத்தில் ‘நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்’ தெரிகிறது.

அப்பா: பழைய டிஸ்க்கையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். பீரோவில் வைத்துவிட்டேன். பத்து மணிக்குப் பெண் வீட்டார் புரூஃப் பார்க்க வருகிறார்கள். பிறகு பேசுகிறேன். - அப்பா