12ஏ பிரிண்டரில் ஃபியூசர் பிலிம் ஓரத்தில் கிழிசல்: பிலிம் மட்டும் மாற்றினால் போதுமா?

பாளைவாசி

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். 12ஏ கார்ட்ரிட்ஜ் போடுகிற பழைய லேசர் பிரிண்டர். நிறைய ஓடியது, அதனால் தேய்மானத்தில் ஆச்சரியம் இல்லை. இப்போது அச்சு வந்ததும் விரலால் தேய்த்தால் எழுத்து அழியுது, அதுவும் தாளின் இடப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு மட்டும். நடுவிலும் வலப்பக்கமும் உறுதியாகப் பிடிச்சிருக்கு. கூடவே ஒரு கறுப்புத் திட்டு ஒரே இடைவெளியில் மேலிருந்து கீழ் வரை விழுது. பத்துத் தாளுக்கு ஒன்று பின்பக்கம் விசிறி மாதிரி மடிஞ்சு சிக்குது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபியூசரில் (டோனர் பொடியைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கிற பகுதி) கறுப்பு உறை, அதாவது பிலிம், ஓரத்தில் கிழிஞ்ச மாதிரி தெரியுது.

பிலிம் மட்டும் வாங்கினால் போதுமா? ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற வெள்ளை கிரீஸ் தடவலாமா? ஸ்டார் ஸ்குரூடிரைவர், மல்டிமீட்டர் இரண்டும் கையில் இருக்கு.

அம்பை மெக்கானிக்

கழட்டுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாத்துருங்க. காசு செலவில்லை.

ஒண்ணு, நல்லா ஓடுற இன்னொரு பிரிண்டர்ல இருந்து கார்ட்ரிட்ஜை எடுத்து இதுல போட்டு ஒரு தாள் எடுங்க. மலிவு ரீஃபில் டோனர் சிலது சரியா உருகாது. பிலிம் புதுசா இருந்தாலும் தேய்ச்சா உதிரும். ஆனா அப்படி இருந்தா தாள் முழுக்க உதிரணும், உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும்ங்கிறதால டோனர் மேல எனக்குச் சந்தேகம் கம்மி.

ரெண்டு, அந்தத் திட்டு எத்தனை மி.மீ. இடைவெளில திரும்ப வருதுன்னு ஸ்கேல் வச்சு அளங்க. 12ஏ கார்ட்ரிட்ஜ்ல இருக்க டிரம் (டோனரைத் தாள்ல பதிக்கிற உருளை) விட்டம் 24 மி.மீ., ஒரு சுத்துக்கு 75 மி.மீ. சொச்சம் வரும். 75 வந்தா குத்தம் கார்ட்ரிட்ஜ்ல. வேற அளவு வந்தா பிலிம் விட்டத்தை 3.14-ஆல பெருக்கிப் பாருங்க, சரியா வந்துட்டா குத்தம் பிலிம்லதான். திட்டு தாளோட பின்பக்கம் விழுந்தா அது கீழ இருக்க பிரஷர் ரோலர்ல ஒட்டுன அழுக்கு.

மூணு, தாள் பாதி போயிட்டு இருக்கப்போ மேல்மூடியைத் திறந்து நிறுத்துங்க. ஃபியூசருக்குள்ள இன்னும் போகாத பகுதியில திட்டு இருக்கான்னு பாருங்க. அங்க சுத்தமா இருந்து வெளிய வந்த பிறகு விழுந்தா ஃபியூசர்தான். அந்தத் தாள்ல டோனர் பொடியாத்தான் கிடக்கும், சட்டையில பட்டா பச்சைத் தண்ணியில அலசணும். வெந்நீர் ஊத்தினா உருகித் துணியோட ஒட்டிரும்.

பாளைவாசி

மூன்றும் பார்த்தாச்சு. கார்ட்ரிட்ஜ் மாற்றினாலும் இடப்பக்கம் அழியுது. இடைவெளி 56, 57 மி.மீ. வருது. திட்டு முன்பக்கம், ஃபியூசரைத் தாண்டிய பிறகுதான் விழுது.

அம்பை மெக்கானிக்

அப்போ 3.14-ஆல வகுத்தா விட்டம் 18 மி.மீ., பிலிம்தான். சந்தேகமே வேண்டாம்.

ஆனா பிலிம் மட்டும் மாத்தினா மூணு நாலு மாசத்துல திரும்பக் கிழியும். பிலிம்முக்குன்னு தனி மோட்டார் கிடையாது. பல்சக்கரம் சுத்துறது கீழ இருக்க பிரஷர் ரோலரை மட்டும்தான். ரோலர் உரசுற உரசல்ல பிலிம் தானா சுத்துது. உள்ள ஹீட்டர் அசையாம இருக்கும், அதுமேல பிலிம் வழுக்கணும். அதாவது வெளிப்பக்கம் பிடி வேணும், உள்பக்கம் வழுக்கல் வேணும். உள்ள கிரீஸ் காய்ஞ்சு போச்சுன்னா பிலிம் இழுபடும், ரோலர் கெட்டியா பளபளன்னு ஆயிட்டா பிடி விட்டுப் போகும். ரெண்டுல எது நடந்தாலும் தாள் முன்னுக்குத் தள்ளப்படும், பிலிம் நிக்கும். அந்த விசிறி மடிப்பு ஜாம் அதனாலதான்.

ஒரு பக்கம் மட்டும் வேகாம, அதாவது டோனர் உருகிப் பிடிக்காம வருதுன்னா அந்தப் பக்கத்து அழுத்தம் குறைஞ்சிருக்கு. ரோலரோட ரெண்டு முனையிலயும் கறுப்பு பிளாஸ்டிக் புஷ் (ரோலர் தண்டைத் தாங்குற துண்டு) இருக்கும். இடதுபக்கப் புஷ் தேய்ஞ்சு ரோலர் இறங்கியிருக்கும், இல்லைனா ஸ்பிரிங் சரியா உக்காரலை. அழுத்தம் கோணினா பிலிம் ஒரு பக்கமாவே நகர்ந்து போய் ஓரத்துல இடிச்சுக் கிழியும். உங்களுக்கு நடந்தது அதுதான்னு சொல்லுவேன். ஆக வாங்க வேண்டியது பிலிம் 1, புஷ் ஒரு ஜோடி, ஃபியூசர் கிரீஸ் சின்ன பாக்கெட் 1. ரோலரைக் கழட்டிப் பாத்து முடிவு பண்ணலாம். எச்பி 1020-க்கும் கேனன் எல்பிபி 2900-க்கும் எஞ்சின் ஒண்ணுதான், எந்தப் பேர்ல வித்தாலும் வாங்கலாம். பழசைப் பக்கத்துல வச்சு நீளம், விட்டம் ரெண்டும் ஒத்துப் பாத்துக்கிடுங்க.

வெள்ளை கிரீஸ் கூடவே கூடாது. ஹீட்டர் கிட்டத்தட்ட 200 டிகிரிக்குப் போகும். கடையில கிடைக்கிற லித்தியம் கிரீஸ் அந்தச் சூட்டுல காய்ஞ்சு பிசினாயிரும், பிலிம்மை ஒட்டிப் பிடிச்சு நிறுத்திரும். ஃபுளோரின் வகை கிரீஸ், ஃபியூசர் கிரீஸ்னு கேட்டா கொடுப்பாங்க. அதுவும் பாக்க வெள்ளையாத்தான் இருக்கும், அதனால நிறத்தை வச்சு வாங்கிராதீங்க.

வேலை இப்படி. பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு மணி நேரம் விட்டுருங்க. பழைய வெள்ளை வேட்டியை மேசையில விரிச்சுக்கிட்டா விழுந்த ஸ்குரூ கண்ணுக்குத் தெரியும். கார்ட்ரிட்ஜை வெளிய எடுத்துத் துணியால மூடி வையுங்க, டிரம்ல வெளிச்சம் படக்கூடாது. பின்மூடியும் பக்கவாட்டு மூடி ரெண்டும் கழண்டா ஃபியூசர் தெரியும். வயர் போற வழியைக் கனெக்டர் பிடுங்குறதுக்கு முன்னாடியே போட்டோ எடுங்க. ஸ்குரூ ரெண்டு வகை: பிளாஸ்டிக்ல ஏறுறது மரை அகலமா இருக்கும், தகட்டுல ஏறுறது நெருக்கமா இருக்கும். தனித்தனி டப்பாவுல போடுங்க. மாத்திப் போட்டா பிளாஸ்டிக் மரை வழிஞ்சிரும், பிறகு மூடி ஆடிக்கிட்டே இருக்கும்.

ஃபியூசரை வெளிய எடுத்ததும் ரெண்டு பக்க ஸ்பிரிங்கையும் மூக்குப் பிளையரால பைய விடுவிங்க. விரலை மேல வச்சுக்கிட்டே செய்யணும், தெறிச்சா தேடுறது பெரும்பாடு. இப்போ ஹீட்டர் தாங்கி பிலிம்மோட மேல வந்துரும். வயர் இல்லாத முனையில இருக்க மூடியை எடுத்துட்டுப் பிலிம்மை அந்தப் பக்கமா உருவுங்க. உள்ள இருக்க ஹீட்டர் பீங்கான் பட்டை, கீழ விழுந்தா ரெண்டு துண்டு. அதுல ஒட்டுன பழைய கிரீஸை பிளேடால சுரண்டக்கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துணியை நனைச்சு ஊறவச்சுத் துடைங்க. துடைச்சு முடிச்சு விரல் நுனியால நீளத்துக்கும் தடவுங்க. எங்கயாவது கீறலோ மேடோ தட்டுப்பட்டா ஹீட்டரையும் மாத்தணும். புதுப் பிலிம்மை அது அரம் போட்ட மாதிரி அறுத்துரும்.

கிரீஸ் ஹீட்டர் மேல நீளவாக்குல மெல்லிய ஒரு கோடு, அரை கிராமுக்குள்ள. நெல்லை அல்வாவுக்கு நெய் வடியிற மாதிரி அப்பிராதீங்க. மிச்ச கிரீஸ் ஓரம் வழியா கசிஞ்சு ரோலர்ல பட்டா பிடி போயிரும், அப்புறம் நீங்க புதுசு போட்டதே வீண். பிலிம்ல நகம் படாம, மடிப்பு விழாம மாட்டுங்க. ஒரு மடிப்பு விழுந்தாலும் அது அச்சுல கோடா வரும். மாட்டின பிறகு விரலால தள்ளினா பிலிம் லேசா சுத்தணும்.

ரோலரைப் பாருங்க: மேல் உறை சுருங்கியிருக்கா, ஓரத்துல உப்பியிருக்கா, நடுவுல அமுக்கினா ரப்பர் மாதிரி உள்ள போய்த் திரும்ப வருதா. கெட்டியா இருந்தா அதையும் மாத்திருங்க. புதுப் புஷ்ல பழைய ரோலர் போட்டாலும் ரோலர் தண்டோட ரெண்டு முனையிலயும் பொட்டு கிரீஸ் வையுங்க. ஸ்பிரிங் ரெண்டும் ஒரே மாதிரி உக்காந்திருக்கான்னு பாத்துட்டுப் பல்சக்கரத்தைக் கையால சுத்துங்க. ரோலரோட பிலிம்மும் சேர்ந்து சுத்துதான்னு பாக்காம மூடியைப் போடாதீங்க.

ஓம்மீட்டர்

மேலே சொன்னதில் மின்சாரப் பகுதி விடுபட்டிருக்கிறது. ஃபியூசர் கையில் இருக்கும்போதே மூன்று இடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஹீட்டர் முனைகள்: 220 வோல்ட் ஹீட்டர் என்றால் சில பத்து ஓமிலிருந்து நூறு ஓம் அளவுக்குள் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் பட்டை விரிசல் விட்டிருக்கிறது, அல்லது தெர்மல் ஃபியூஸ் (சூடு மீறினால் கரண்டை அறுக்கும் உறுப்பு) போயிருக்கிறது. தெர்மல் ஃபியூஸ் தனியாக: ஏறக்குறைய பூஜ்யம் ஓம். தெர்மிஸ்டர் (சூட்டை அளக்கும் உறுப்பு): அறைச் சூட்டில் சில நூறு கிலோ ஓம். அதன்மேல் வாயால் சூடான மூச்சு விட்டால் மதிப்பு இறங்க வேண்டும். இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் அது சூட்டை உணரவில்லை.

ஹீட்டர் வாங்க நேர்ந்தால் 110 வோல்ட் பட்டையைத் தலையில் கட்டிவிடப் பார்ப்பார்கள், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு மடங்கு வோல்ட் கொடுத்தால் நான்கு மடங்கு சூடு. சுவிட்ச் போட்ட சில நொடியிலேயே வெடித்துப் போகும். கடையிலேயே ஓம் பார்த்து வாங்குங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தெர்மல் ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் வயரை முறுக்கி நேரடியாக இணைத்து ஓட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். செய்யவே செய்யாதீர்கள். தெர்மிஸ்டர் பொய் சொல்லும்போது வீட்டைக் காப்பாற்ற அந்த ஒரே உறுப்புதான் இருக்கிறது. அது ஏன் போனது என்று தேட வேண்டும். பெரும்பாலும் தெர்மிஸ்டர் ஹீட்டரை விட்டு விலகி நின்றிருக்கும். ஹீட்டரில் மெயின்ஸ் கரண்ட் நேராக வருகிறது என்பதால் மூன்று முனை பிளக்கில் எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேலப்பாளையம் ஜெராக்ஸ்

ரோலர் விஷயத்துல அம்பை அண்ணாச்சியோட எனக்கு ஒத்துப் போகலை. பிலிம் கிழிஞ்ச நிலையில ஓடின ரோலர்ல கிழிசல் ஓரம் உரசி வரி விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ரெண்டையும் சேர்த்தே மாத்திரணும். ரெண்டு தடவை கழட்டுற அலுப்பை நினைச்சா ரோலர் காசு பெருசில்லை.

அப்புறம் எதனால சீக்கிரம் போகுதுன்னு யாரும் சொல்லலை. ஸ்டேப்ளர் பின் எடுத்த தாளை மறுபக்கம் அச்சடிக்கப் போடுறது முதல் காரணம். ஒரு பின் துண்டு போதும் பிலிம்மைக் கிழிக்க. அடுத்தது ஸ்டிக்கர் தாள்: பாதி ஸ்டிக்கர் உரிச்சு எடுத்த தாளைத் திரும்ப விட்டா பசை நேரா பிலிம்ல ஒட்டும். இங்க்ஜெட்டுக்கு உள்ள பிளாஸ்டிக் தாள் போட்டா உருகி ரோலர்ல சுத்திக்கும். பத்திரம் எழுதுறவங்க முத்திரைத்தாள் விடுவாங்க, அது தடிமன். கம்ப்யூட்டர்ல பிரிண்டர் டிரைவர்ல (பிரிண்டர் சாஃப்ட்வேர்) தாள் வகையைத் தடித்த தாள்னு மாத்தாம விட்டா வேகாது. மாத்திட்டுத் திரும்ப சாதா தாளுக்குக் கொண்டுவராம மறந்தா எல்லாத் தாளுக்கும் தேவைக்கு மேல சூடு ஏறி பிலிம் ஆயுசு குறையும்.

ஐப்பசி, கார்த்திகையில தாள் ஈரம் இழுக்கும். தென்காசிப் பக்கம்னா ஆடிச் சாரல்லயே ஆரம்பிச்சிரும். ஈரத்தாள் ஃபியூசருக்குள்ள போனதும் ஆவி வந்து சுருளும், சிக்கும், அச்சும் சரியாப் பிடிக்காது. ரீம் கவரைப் பிரிச்சா மிச்சத்தை அதே கவர்ல சுத்தி வையுங்க. டிரேயில ராத்திரி முழுக்க விடாதீங்க.

பாளைவாசி

பிலிம், புஷ், ரோலர் மூன்றும் போட்டாச்சு. மீட்டர் கணக்கெல்லாம் சரியாக வந்தது. இடப்பக்கம் இப்போது தேய்த்தாலும் அழியலை. இரண்டு சந்தேகம். முதல் நாலைந்து தாளில் ஓரத்தில் எண்ணெய்க் கறை மாதிரி வந்தது, லேசான வாடையும் இருந்தது. இன்வெர்ட்டரில் ஓட்டினால் அச்சு தொடங்கும்போது இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்தி நின்றுபோகுது.

அம்பை மெக்கானிக்

கறை கூடுதல் கிரீஸ். பத்து வெறுந்தாள் விடுங்க, நின்னுரும். பதினஞ்சுக்கு மேலயும் வந்தா கழட்டி ரோலரைத் துடைச்சுத்தான் ஆகணும்.

ஓம்மீட்டர்

இன்வெர்ட்டரில் குறையில்லை. ஹீட்டர் பல நூறு வாட்டை விட்டுவிட்டு இழுக்கும். வீட்டில் ஃபேன், லைட்டுக்கு வைத்த சின்ன இன்வெர்ட்டர் அந்த இழுப்பைத் தாங்காது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் மாட்டினாலும் இதே கதைதான். பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். அச்சு நடக்கும்போது கரண்ட் போனால், உள்ளே நின்ற தாளைக் கார்ட்ரிட்ஜ் பக்கமாக இழுக்காமல், அது போகிற திசையிலேயே மெதுவாக உருவி எடுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் உருகாத டோனர் உள்ளே கொட்டும், புதுப் பிலிம்மும் சுருக்கம் விழும்.