யூனிட்டிக்காகக் காத்திருந்த ஐந்து மாதங்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நாகர்கோவில், வடசேரியிலிருந்து

2014 ஜூன் மாதம், சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை. வடசேரிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. ஒரு கணினி, ஒரு நாற்காலி. அதில் நான், என் தோள்மேல் சாய்ந்தபடி இன்னும் இரண்டு பேர். லாஸ் ஏஞ்சல்ஸ் இ3 வீடியோ கேம் கண்காட்சியில் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ என்ற விளையாட்டின் முன்னோட்டம் அப்போதுதான் வெளியாகியிருந்தது. சில நிமிடக் காட்சிதான். ஓடுவதும் நிற்பதும் வட்டம் சுற்றுவதுமாக அதைப் பார்த்து முடிக்க எங்களுக்கு அரை மணி நேரமானது. முக்காடிட்ட நான்கு பேர், அவர்களோடு பொங்கிவரும் பாரிஸ் மக்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டோம்.

கடைக்கார அண்ணாச்சி பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

“எந்த ஊர்ச் சண்டை மக்களே இது?”

“பிரெஞ்சுப் புரட்சி அண்ணாச்சி.”

“சரி, யாருக்கும் யாருக்கும் சண்டை? எதற்காக?”

“ராஜாவுக்கும் மக்களுக்கும்” என்றான் நண்பன்.

“அது எல்லா ஊரிலும் நடந்ததுதானே” என்று சொல்லிவிட்டு அவர் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார்.

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. அது அன்று இரவு முழுவதும் என்னை அரித்தது. மறுநாளே மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். பள்ளியில் பத்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்து எழுதிய அதே புரட்சி, இப்போது வேறு மாதிரி இருந்தது. 1789 ஜூலை 14 அன்று பாஸ்டில் சிறைக்குள் இருந்த கைதிகள் ஏழே பேர் என்பதை அங்கேதான் படித்தேன். கூட்டம் அங்கே போனது முக்கியமாக வெடிமருந்துக்காக. மன்னர் பதினாறாம் லூயி 1793 ஜனவரி 21 அன்று கில்லட்டினில் தலை இழந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியரின் தலையும் அப்படியே விழுந்தது. ஒவ்வொன்றைப் படிக்கும்போதும், ‘இந்தத் தெருவில் நான் நடக்கப்போகிறேன், இந்தக் கூரையில் ஏறப்போகிறேன்’ என்று மனம் துள்ளியது. எந்தத் தேர்வுக்கும் நான் அப்படிப் படித்ததில்லை.

விளையாட்டு வெளியாக அக்டோபர் 28 என்று நாள் குறித்திருந்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் அதை நவம்பர் 11க்குத் தள்ளிவைத்தார்கள். இரண்டே வாரம்தான். ஆனால் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தவனுக்கு அந்த இரண்டு வாரம் எவ்வளவு நீளம் என்று காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

வெளியான பிறகு அதில் இருந்த பிழைகளைப் பற்றி உலகமே பேசித் தீர்த்துவிட்டது. இங்கே அது வேண்டாம். அந்த ஜூன் முதல் நவம்பர் வரை நம் மாவட்டத்தில் உங்களுக்கு என்ன நடந்தது? யாரைச் சந்தித்தீர்கள், என்ன பார்த்தீர்கள்? எழுதுங்கள்.

புலியூர்க்குறிச்சியிலிருந்து

அண்ணா, எனக்கு அப்போது பதினைந்து வயது. முன்னோட்டத்தைப் பார்த்த கையோடு பாஸ்டிலைப் பற்றித் தேடினேன். கோட்டையின் ஆளுநர் பெயர் டி லோனே என்று போட்டிருந்தது. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான என் பெரியப்பா திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். “பெரியப்பா, பாஸ்டில் கோட்டையில் டி லோனேயைக் கூட்டம் அடித்துக் கொன்றுவிட்டதாம்” என்று கத்தினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “யாரை? நம் டிலனாயையா?”

அடுத்த நாள் காலை என்னை உதயகிரிக் கோட்டைக்கு நடத்தியே கூட்டிப்போனார். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சிறுவயதில் மான் பார்க்கப் போனதோடு சரி. கூரை இல்லாத அந்தச் சிற்றாலயத்துக்குள் டிலனாயின் கல்லறைமுன் நிறுத்தி, கல்வெட்டில் லத்தீனும் தமிழும் இருப்பதைக் காட்டினார். 1741 குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து, மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்டவர் டிலனாய். பிறகு அதே மன்னருக்குப் படையைப் பயிற்றுவித்து, இந்தக் கோட்டையையும் வட்டக்கோட்டையையும் வலுப்படுத்தி, ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் வாங்கினார். 1777இல் இறந்தார்.

“உன் டி லோனே வேறு, நம் டிலனாய் வேறு. இவர் செத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் பாஸ்டில் விழுந்தது. இரண்டு பேரும் கோட்டைக்காரர்கள். ஒருவரைச் சொந்த ஊர் மக்களே கொன்றார்கள். இன்னொருவரை எதிரி ஊர் மண் வைத்துக்கொண்டது” என்றார் பெரியப்பா.

அன்றைக்கு நான் அவர் பேச்சைப் பாதிதான் கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கண் முழுவதும் மதிலில் இருந்தது. எந்தக் கல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே கால் வைக்கலாம், எங்கிருந்து குதிக்கலாம் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா அதைக் கவனித்துவிட்டார். “ஏறாதே, பழைய மதில், கல் பெயர்ந்துவிடும்” என்றார். அந்த ஐந்து மாதங்களில் எத்தனை முறை அந்தக் கோட்டைக்குப் போனேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அவர் இப்போது இல்லை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இப்போது நான்தான் அந்தக் கல்லறைக்குக் கூட்டிப்போகிறேன்.

அகத்தீஸ்வரத்திலிருந்து

என்னுடையது சிறிய விஷயம். அந்த ஆண்டு வெளியான விளக்கக் காட்சிகளில் எல்லோரும் கூட்டத்தைப் பார்த்து வியந்தார்கள். ஒரே திரையில் ஆயிரக்கணக்கான ஆட்கள். என்னைப் பிடித்தது இன்னொன்று. ஏறுவதற்கு ஒரு பொத்தான், இறங்குவதற்குத் தனியாக இன்னொரு பொத்தான். அதற்கு முந்தைய பாகங்களில் ஏறிவிடலாம். இறங்கும்போது தட்டுத்தடுமாற வேண்டும், இல்லையென்றால் வைக்கோல் வண்டியைத் தேடிக் குதிக்க வேண்டும்.

என் அப்பா பனையேறி. முருக்குத்தடியைச் சாத்தி, காலில் திளாப்பு மாட்டி, ஒரு நாளில் காலையும் மாலையும் அத்தனை மரம் ஏறி இறங்கி அக்கானி, அதாவது பதநீர், எடுத்தவர். அவரிடம் கைப்பேசியில் அந்தக் காட்சியைக் காட்டினேன். விளையாட்டின் நாயகன் ஆர்னோ ஒரு மாடத்திலிருந்து அடுத்த விளிம்புக்குக் கைமாற்றிக் கைமாற்றி இறங்குவதை அப்பா இரண்டு தடவை பார்த்தார். “இவன் இறங்கக் கற்றிருக்கிறான். ஏறுகிறவன் எல்லாம் ஏறிவிடுவான். அக்கானிக் குடுவையோடு இறங்குவதுதான் வேலை” என்றார்.

நான் விளையாடும் எதையும் அவர் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

குளச்சலிலிருந்து

இந்த இழையில் பெண் யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். நாங்களும் காத்திருந்தோம்.

என் அம்மாச்சி மீன் விற்றவர். குளச்சல் கடற்கரையில் ஏலத்தில் எடுத்த மீனைத் தலையில் சுமந்து இரணியல் வரை நடந்து போய் விற்றுவிட்டு வருவார். 1789 அக்டோபர் 5 அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனை வரை மழையில் நடந்தார்கள் என்று படித்தபோது, அந்தக் கூட்டத்தின் நடுவில் தலையில் சும்மாட்டோடு அம்மாச்சி நடப்பதாகவே எனக்குத் தோன்றியது. அரசரையும் அரசியையும் பாரிஸுக்குத் திரும்பக் கூட்டி வந்தவர்கள் அவர்கள். ‘இந்த நடை விளையாட்டில் இருக்க வேண்டும்’ என்று நான் வேண்டிக்கொண்டதை என் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த ஜூன் மாதமே ஒரு செய்தி வந்தது. சேர்ந்து விளையாடும் பகுதியில் நான்கு பேரும் ஆண்கள். பெண் உருவம் கிடையாது, அதை உருவாக்கக் கூடுதல் உழைப்பு வேண்டியிருக்கும் என்று காரணம் சொன்னார்கள். உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. எனக்கு உண்மையாகவே வலித்தது. புரட்சித் தலைவர்களில் ஒருவரான மராவைக் குளியல் தொட்டியில் குத்திக் கொன்ற சார்லட் கோர்டே பிறந்த நாட்டுப் புரட்சி அது.

நம் மாவட்டத்தில் பெண்களின் போராட்டம் என்றால் தோள்சீலைதான். மேலாடை அணிந்ததற்காக அடிபட்டவர்களின் பேத்திகள் நாம். 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் வந்தது. அதுவும் முழுச் சுதந்திரம் இல்லை, மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். அதைப் பற்றிய ஒரு விளையாட்டு என்றாவது வருமா என்று அந்த நாட்களில்தான் முதன்முதலாக நினைத்தேன். இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

யூனிட்டி வந்தது. பெண்களின் அந்த நடையும் அதில் இருந்தது, தெருவாஞ் தெ மெரிக்கூர் என்ற பெண்ணோடு. சேர்ந்து விளையாடும் பணிகளில் அதுவும் ஒன்று. பெண்களுக்குக் காவலாகக் கூரைகளில் போகிற நால்வரும் ஆண்கள். துபாயிலிருந்து அத்தான் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 4இல் அதை விளையாடினேன். பணியை முடிக்காமல் நீண்ட நேரம் கீழே இறங்கி அந்தக் கூட்டத்தோடு நடந்தேன்.

வடசேரியிலிருந்து

அக்கா, அந்தப் பணியை நான் எத்தனையோ முறை விளையாடியிருக்கிறேன். ஒரு முறைகூடக் கீழே இறங்கி நடந்ததில்லை. இன்று இரவு இறங்கி நடக்கிறேன்.

குழித்துறையிலிருந்து

உங்களுக்கெல்லாம் ஐந்து மாதம். எனக்கு ஐந்து ஆண்டு.

2014 அக்டோபர் கடைசியில் கணினிக்கான குறைந்தபட்சத் தேவைகளை வெளியிட்டார்கள். ஐ5 2500கே செயலி, 6 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 680 கிராபிக்ஸ் அட்டை, 50 ஜிபி இடம். குறைந்தபட்சமே அதுதான். என் கணினியில் 2 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, மார்த்தாண்டத்தில் ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பட்டியலைப் படித்துவிட்டு, “தம்பி, இது ஒரு பைக் விலை” என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ரப்பர் விலை விழுந்திருந்த நேரம் அது. வீட்டில் கேட்கவே இல்லை.

ஆனால் காத்திருப்பதை நான் விடவில்லை. பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தை விளையாட்டுக்காக உருவாக்க கரோலின் மியூஸ் என்ற கலைஞர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைத்தார் என்று படித்திருந்தேன். கிடைத்த படங்களையெல்லாம் சேர்த்து வைத்தேன். விளையாடாமலேயே அந்தக் கோபுரத்தின் மூலை முடுக்கெல்லாம் எனக்குத் தெரியும்.

2019 ஏப்ரல் 15, புனித வாரத்துத் திங்கட்கிழமை. மறுநாள் காலை தொலைக்காட்சியில் அந்தக் கோயில் எரிந்துகொண்டிருந்தது. அம்மா ஜெபமாலையோடு முன்னால் உட்கார்ந்துவிட்டார். “எங்கே இருக்கிறது இந்தக் கோயில்?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்: எரிந்து விழுந்த கூரிய கோபுரம் புரட்சிக்காலத்தது அல்ல, பழைய கோபுரத்தை அந்த நூற்றாண்டின் இறுதியிலேயே இறக்கிவிட்டார்கள், இது 1859இல் வியோலே லெ டியூக் கட்டியது. குளச்சல் அக்கா சொன்ன பிரகடனமும் அதே 1859 என்பதை இன்றுதான் கவனிக்கிறேன். விளையாட்டில் புரட்சிக்காலப் பாரிஸிலேயே அந்தக் கோபுரத்தை வைத்திருப்பார்கள். வரலாற்றுக்குப் பொருந்தாதுதான், எனக்கு அது குறையாகப் படவில்லை.

இரண்டு நாளில் யூனிட்டியை ஒரு வாரத்துக்குக் கணினியில் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. ஏப்ரல் 18 நாடாளுமன்றத் தேர்தல். வாக்களித்துவிட்டு வந்து, விரலில் மை காய்வதற்குள் என் கணக்கில் அதைச் சேர்த்துக்கொண்டேன். விளையாடுவதற்கான கணினி வாங்க இன்னும் ஏழு மாதச் சம்பளம் தேவைப்பட்டது. பழைய சட்டைப்பைத் தாளை எடுத்துக்கொண்டு அதே மார்த்தாண்டம் கடைக்குப் போனேன். அவருக்கு என்னை நினைவில்லை.

முதல் நாள் இரவு கதையைத் தொடரவே இல்லை. நேராகப் பேராலயத்துக்கு ஓடினேன். பிடித்துப் பிடித்து மேலே ஏறினேன். அம்மா தூங்காமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இதுதானே எரிந்துபோனது?”

“ஆமாம் அம்மா.”

“இதில் எரியவில்லையே.”

“இதில் எரியாது.”

“அப்படியானால் கொஞ்ச நேரம் அங்கேயே நில்” என்றார். கோபுரத்தின் உச்சியில் ஆர்னோவை நிறுத்தினேன். கீழே பாரிஸ் முழுவதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மழை வலுத்து மின்சாரம் போகும்வரை இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.