போர்வெல் வண்டிக்குப் பின்னால் 5,200 கிலோமீட்டர்

கேமரா பிடித்தவர்

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குப் பின்னால் போய் நாங்கள் மூவர் ஆவணப்படம் எடுத்தோம் என்றால், எல்லாரும் முதலில் கேட்பது செலவைத்தான். டீசல் 37,000. டோல் 7,000. மூன்று பேர் சாப்பாடும் தங்கலும் 36,000. லென்ஸ் வாடகை 18,000. நான்கு டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு 20,000. கிளம்பும் முன் வண்டிக்குப் பார்த்த வேலை 14,000. பஞ்சர், டீ, ஜெராக்ஸ் என்று சில்லறையாகக் கரைந்தது 8,000. ஆக 1,40,000 ரூபாய், 24 நாள். கிளம்பும்போது நாங்கள் நோட்டில் எழுதியிருந்தது 1,15,000, 16 நாள். கூடுதலான 25,000-இல் முக்கால்வாசி சும்மா உட்கார்ந்திருந்ததில் போனது. நீங்கள் போடும் பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எடுத்த படம் ரிக் வண்டியைப் பற்றியது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் அண்ணன் ஆந்திராவில் போர் போட்டுக்கொண்டிருப்பார், தம்பி மத்தியப் பிரதேசத்தில், மச்சான் சத்தீஸ்கரில். தீபாவளிக்கு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போவார்கள். இவர்கள் எங்கே போகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கூடவே போய்ப் பார்க்க ஆசை. மாமாவிடம் பழைய பொலேரோ ஒன்று இருந்தது. தெரிந்த ஓனர் ஒருவர், "எங்க வண்டி ஒண்ணு மத்தியப் பிரதேசத்துல சாகர் பக்கம் ஓடிட்டிருக்குது, போய்ப் பாருங்க, நான் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்" என்றார். போதாதா?

பாதையைத் தீர்மானிப்பது சுலபமாக இருந்தது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சேலம், ஓசூர், பெங்களூரு, அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத், அதிலாபாத், நாக்பூர், சிவனி, சாகர், லலித்பூர், ஜான்சி, குவாலியர். எங்கே முடிப்பது என்பதில்தான் சண்டை. ஸ்ரீநகர் வரை போனால் போஸ்டரில் போட நன்றாக இருக்கும் என்றான் வண்டி ஓட்டிய நண்பன். எனக்கு வேறு கணக்கு. ரிக் வண்டியின் ஹேமர் காற்றழுத்தத்தில் பாறையை இடித்து நொறுக்கும். கீழே பாறை இருக்கிற வரைக்கும்தான் அதற்கு வேலை. தக்காணத்துக் கருங்கல், சிவனி, சாகர் பக்கம் எரிமலைப் பாறை, ஜான்சியைச் சுற்றிய புந்தேல்கண்டில் மறுபடி கிரானைட். ஆக்ராவைத் தாண்டிவிட்டால் கங்கைச் சமவெளியின் வண்டல். அங்கே இந்த ஹேமருக்கு இடமில்லை. பாறை முடிகிற இடத்தில் படத்தை முடிப்போம் என்று சொன்னேன். போகும் வழியை இரண்டாயிரம் கிலோமீட்டரில் நிறுத்தியதால் டீசலும் மிச்சம் என்பதை அப்போது சொல்லவில்லை.

முதல் அடி அனந்தபூரில் விழுந்தது. சாகரில் இருப்பதாகச் சொன்ன வண்டி அங்கே இல்லை, பாயிண்ட் மாறி சிவனிப் பக்கம் போய்விட்டது என்று மேனேஜர் போனில் சொன்னார். தொழில் தெரியாதவர்களுக்காக: துளை போடும் இடத்தைத்தான் பாயிண்ட் என்பார்கள். ஏஜென்ட் எந்த ஊரில் பேசி முடிக்கிறாரோ அங்கே அன்றிரவே வண்டி நகரும். நம்முடைய ஷூட்டிங் அட்டவணை அவர்களுக்கு ஒரு காகிதம்.

சரி, வந்த இடத்தில் எடுப்போம் என்று அனந்தபூரில் இரண்டு நாள் தங்கினோம். நிலக்கடலைக் காடு. வேறொரு ஓனரின் வண்டி, ஆனால் ரிக்கை இயக்கும் டிரில்லர் சங்ககிரிக்காரர். காட்டுக்காரருக்கு அது ஏழாவது போர். மற்ற ஆறும் வறண்டுபோனவை. மனிதர் யாரிடமும் பேசவில்லை. குழிவாயிலிருந்து கிளம்பும் புழுதியையே பார்த்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஈரம் பட்டால் புழுதி பறக்காது, கட்டி கட்டியாக விழும். அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு. துளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் ராடு ஒன்று 20 அடி. அவர் மகள், பத்து வயது இருக்கும், ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் தரையில் குச்சியால் ஒரு கோடு போட்டாள். முப்பத்தோராவது கோட்டில் புழுதி நின்றது. தண்ணீர் வந்தது, ஆனால் ஊற்றின் அளவு ஒரு இஞ்சுக்கும் குறைவுதான். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்குக் காபி சொல்லிவிட்டு வந்தார். நான் அந்த முகத்தை எடுக்கவில்லை. பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் வெயிலில் கேமரா சூடாகி நின்றுபோய், நிழலுக்கு ஓடி, ஈரத்துணி சுற்றி... அதெல்லாம் சொன்னால் அழுகை வரும். கோடுகள் மட்டும் இருக்கின்றன.

சிவனியில் ஒருவழியாக எங்கள் வண்டியைப் பிடித்தோம். போய்ச் சேர்ந்த அன்று மாலை, ஹேமருக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் நின்றது. உதிரிப்பாகம் நாக்பூரிலிருந்து வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் எடுக்க எதுவுமே இல்லை என்று நினைத்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. படத்தின் பாதி அந்த மூன்று நாளில்தான் இருக்கிறது என்பது எடிட்டிங்கில் தெரிந்தது. ரிக்கோடு கூடவே வரும் சப்போர்ட் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடியோ கால் பேசுவார்கள். ராடு தூக்கும் பையன்களில் பாதிப்பேர் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர். அவர்கள் ரசத்துக்குப் பழகிவிட்டார்கள், சமையல்காரர் சப்பாத்திக்குப் பழகிவிட்டார். இரண்டு மொழியும் கலந்து அந்த வண்டிக்கென்றே ஒரு பாஷை இருக்கிறது.

எங்கள் வண்டியின் டிரில்லர் அண்ணன் மட்டும் கேமரா பக்கமே வரவில்லை. மூன்றாவது நாள் ராத்திரி அவராகவே வந்து உட்கார்ந்தார். "ஏனுங் தம்பி, மூடாம உட்ட குழியக் காட்டத்தான வந்திருக்கறீங்க?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போர் குழிக்குள் குழந்தை விழுந்தபோது, இவர் ஊரில்தான் இருந்திருக்கிறார். மீட்பு வேலை டிவியில் ஓடிய அந்த நாலு நாளும் வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். அந்தக் குழியை இவர் போடவில்லை, போட்டவரை இவருக்குத் தெரியவும் தெரியாது. "தண்ணி வரலீன்னா காசு குடுக்கறப்பவே மொகத்தத் திருப்பிக்குவாங்க. மூடி போடுங்கன்னு சொன்னா, அதுக்கும் நீயே காசு குடுன்னுவாங்க" என்றார். 2010இலேயே உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் கொடுத்திருக்கிறது. கைவிட்ட குழியை அடியிலிருந்து மேல்மட்டம் வரை மண்ணோ கல்லோ போட்டு நிரப்ப வேண்டும். சிவனியில் அவர் போட்ட குழிகளுக்கு மூடி இருந்ததா என்று நான் கேட்டேன். "வாங்க, காலையில காட்டறேன்" என்றார். காட்டினார். ஐந்தில் நான்குக்கு இருந்தது. ஐந்தாவதின் மேல் ஒரு பாறாங்கல்லை உருட்டி வைத்துவிட்டுத்தான் திரும்பினார். அதை எடுத்தேன்.

ஒலிப்பதிவு பார்த்தவர்

இவர் கேமரா சூடானதைச் சொல்கிறார், என் காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரிக் ஓடும்போது ஐம்பது அடி தள்ளி நின்றாலும் பேட்டி எடுக்க முடியாது. உடையில் மாட்டும் மைக்கில் கம்ப்ரசர் மட்டும்தான் கேட்கும். இரண்டாம் நாளே முடிவு செய்தேன்: வேலை நடக்கும்போது சத்தத்தை மட்டும் தனியாக எடுப்பது, பேச்சை எல்லாம் ராடு மாற்றும் இடைவெளியிலும் சாப்பாட்டு நேரத்திலும் எடுப்பது. ஹேமர் மண்ணில் போகும் சத்தம் வேறு, பாறையைத் தொட்டதும் மாறும் சத்தம் வேறு. டிரில்லர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டபோது, "அட, நம்ம வண்டி இவ்வளவு நல்லாவா சத்தம் போடுது" என்று பத்து நிமிஷம் கழற்றவே இல்லை.

அமைதி வேண்டும் என்று அலைந்து நான் கண்டுபிடித்த இடம் நாக்பூர்–சிவனி நடுவே, பெஞ்ச் புலிக்காட்டை ஒட்டிய நெடுஞ்சாலை. விலங்குகள் கீழே கடந்துபோக சாலையை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசப் பக்கத்தில் ஓரத்தில் உயரமாகத் தடுப்பு, லாரி சத்தமும் வெளிச்சமும் காட்டுக்குள் போகாமல் இருக்க. எங்களைப் போன்றவர்களின் தொல்லையிலிருந்து புலிக்குக் கிடைத்த சவுண்ட்ப்ரூஃபிங். அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தவும் இல்லை. ஓடும் வண்டிக்குள்ளேயே தடுப்புக்கு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மாறும் ஒலியை எடுத்தேன். படத்தில் இருக்கிறது.

பெண்கள் யாராவது கிளம்புவதாக இருந்தால் இதைக் கேளுங்கள். கழிப்பறைதான் உங்கள் உண்மையான ரூட் மேப். பெட்ரோல் பங்க் பார்த்துப் பார்த்துத்தான் தண்ணீர் குடித்தேன். பாயிண்டில் ஒன்றுமே கிடையாது. லலித்பூர் பக்கம் ஒரு வீட்டம்மா என் அவஸ்தையைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். எனக்கு இந்தி அரைகுறை. அவர் பேசியது புந்தேலி, அதுவும் கால்வாசிதான் புரிந்தது. போர் போட வயல்காரர் சம்மதித்த கதையை அவர்தான் சொன்னார். தண்ணீர் எடுக்கப் போவது இவர், எங்கே தோண்டுவது என்று முடிவு செய்வது ஆண்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு ஒருவர் வயல் முழுக்க நடந்தாராம், தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் பாயிண்ட். "நான் சொன்ன இடம் அந்த வேப்பமரத்தடி" என்று ஜன்னல் வழியாகக் காட்டினார். அங்கே யாரும் தோண்டவில்லை. தேங்காய் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்ததா? வந்தது. அதுதான் அவருக்கு இன்னும் கோபம்.

தங்க இடம்: தாபாவில் சாப்பிட்டால் கயிற்றுக் கட்டில் இலவசம் என்று இவர்கள் இருவரும் சந்தோஷமாகப் படுத்தார்கள். நான் பொலேரோவில். குவாலியரில் கோட்டை மேல் இருக்கும் தாதா பந்தி சோர் குருத்வாராவில் இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். சீக்கியர்களின் ஆறாவது குரு ஹர்கோவிந்தை ஜஹாங்கீர் சிறை வைத்த இடம் அது. விடுதலையானபோது கூடவே 52 இளவரசர்களையும் வெளியே கூட்டி வந்தார் என்பது அவர்கள் வரலாறு. லங்கர் என்னும் பொதுப் பந்தியில் பருப்பும் ரொட்டியும். காசு கேட்க மாட்டார்கள். பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சப்போர்ட் லாரி ஓட்டியவர்

பதினொரு வருசம் இதே ரோட்டுல ஓட்டுனவனுங்க நானு. தம்பி சொன்னதுல ரெண்டு மூணு சேத்தோணும்.

டீசல் அடிக்கறப்ப எல்லை பாத்து அடிக்கோணும். கர்நாடகாவுல பாகேபள்ளி தாண்டுனா ஆந்திரா, அங்க வெலை சாஸ்தி. அதுக்கு முன்னாடியே டேங்க ரொப்பிக்கோணும். ரிக்குக்கு ஒரு நாளைக்கு எத்தன லிட்டர் குடிக்கும்னு தெரிஞ்சவனுக்குத்தான் அந்த வித்தியாசம் உறைக்கும்.

டோலுக்கு 7,000 குடுத்தீங்கன்னு பாத்தேன். 2025 ஆகஸ்ட் 15லருந்து சொந்தக் காருக்கு வருசப் பாஸ் குடுக்கறாங்க. ஆரம்பிச்சப்ப 3,000 ரூவா, 200 தடவ இல்லீனா ஒரு வருசம், எது மொதல்ல முடியுதோ அதுவரைக்கும். தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டுந்தான், வெள்ளை போர்டு வண்டிக்கு மட்டுந்தான். இனிமே போறவீங்க அத எடுத்துட்டுப் போங்க. எங்கள மாதிரி மஞ்ச போர்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லீங்.

அப்பறம், மழைக்கு முன்னாடி போனதால தப்பிச்சீங்க. ஜூன் கடைசியில கருப்பு மண்ணுல வண்டி எறங்குச்சுன்னா ஜேசிபி வெச்சுத்தான் இழுக்கோணும். எறங்குன வண்டியப் படம் புடிக்கவும் ஒருத்தன் வந்தான் ஒரு தடவ. அவன் காரும் எறங்கிருச்சு. ரெண்டையும் இழுத்ததுக்கு ஜேசிபிக்காரன் எங்ககிட்டத்தான் காசு வாங்குனான்.

கேமராவப் பாத்ததும் பசங்க ஹெல்மெட் தேடுவாங்க, அத உண்மைன்னு எடுத்துராதீங்க. ரெண்டு நாள் கழிச்சுத் தூக்கி எறிஞ்சுட்டுத் துண்டக் கட்டிக்குவாங்க. அப்ப எடுங்க.

கேமரா பிடித்தவர்

அண்ணா, ஹெல்மெட் கதை அப்படியே. எங்கள் முதல் நாள் காட்சியில் எல்லாரும் கட்டுமான நிறுவன விளம்பரத்துக்கு நிற்பவர்கள் மாதிரி இருப்பார்கள். வெட்டிவிட்டோம்.

டிரோன், அனுமதி, சம்மதக் கடிதம், டிஸ்க் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: டிரோன் எடுத்துப் போகவில்லை, அனுமதிக்கு அலைய நேரமில்லை. தொல்லியல் துறை நினைவுச் சின்னங்கள் பக்கம் டிரைபாட் தூக்கவில்லை. சம்மதக் கடிதம் தமிழிலும் இந்தியிலும் ஐம்பது பிரதி கொண்டுபோனோம், கூடவே ஸ்டாம்ப் பேடும். ராடு தூக்கும் பையன்களில் சிலர் கைநாட்டு. நாங்கள் எடுத்த தரத்துக்கு ஒரு மணி நேரப் படம் 45 ஜி.பி. பிடித்தது, மொத்தம் 62 மணி நேரம். ஒரு டிஸ்க் பொலேரோவில் இருந்தால் இன்னொன்று யாராவது ஒருவர் தோள்பையில்.

கடைசிக் காட்சியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. ஜான்சிக்கு வடக்கே ரிக் வண்டி நின்றுவிட்டது, அடுத்த பாயிண்ட் திரும்பவும் தெற்கே. நாங்கள் மூவர் மட்டும் சம்பல் ஆற்றுப் பாலம் தாண்டி, ஆக்ராவும் தாண்டி யமுனைக் கரையோரக் கிராமம் ஒன்றுவரை போனோம். வயலில் நாலு பேர் மூங்கில் முக்காலி கட்டி, கப்பி போட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றி ஒரு இரும்புக் குழாயைக் கையால் தூக்கித் தூக்கிக் குத்திக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் இல்லை. புழுதி இல்லை. பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேச முடிந்தது. ஒலிப்பதிவு அம்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. 120 அடியில் தண்ணீர்.

அந்த வீடியோவை டிரில்லர் அண்ணனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன்.

"கம்ப்ரசர் எங்க தம்பி?"

"இல்லீங்ண்ணா. கையாலதான்."

"எத்தன அடி?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ஹேமர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இத நம்மூருப் பக்கம் காட்டாத சாமி," என்றார். "அவனவன் காட்டுலயும் இப்படிக் குத்தச் சொல்லுவான்."