ஆறாத கால் புண்: முதலில் நரம்பை அடைப்பதா, கட்டுப் போடுவதா?

கஞ்சமலையான்:
கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் விசைத்தறியில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களின் கால்களைப் பார்த்திருப்பீர்கள். கணுக்காலின் உள்பக்கம் கறுத்து, தோல் கட்டை மாதிரி இறுகியிருக்கும். ஒரு சின்னச் சிராய்ப்பு போதும், மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடும். "முதலில் புண் ஆறட்டும், அப்புறம் நரம்பைப் பார்க்கலாம்" என்று இன்னும் அனுப்பிவிடுகிறார்கள். 2018-ல் வெளியான எவ்ரா ஆய்வோடு இந்தப் பழக்கம் முடிந்திருக்க வேண்டும் என்பது என் வாதம். பிரிட்டனில் 20 மையங்கள், 450 பேர். ஒரு பாதிக்கு இரண்டு வாரத்துக்குள், வால்வு கெட்டு ரத்தம் கீழே திரும்ப ஒழுகும் சிரையை (நாம் பேச்சில் நரம்பு என்கிறோமே, அந்த ரத்தக்குழாயை) அடைத்தார்கள். மறுபாதிக்குப் புண் ஆறிய பிறகு, அல்லது ஆறு மாதம் ஆகியும் ஆறாவிட்டால். புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்குப் புண் ஆறிய நாள்) முதல் பாதிக்கு 56 நாள், மற்றதற்கு 82 நாள். தறிக்காரருக்கு 26 நாள் என்பது ஒரு மாதக் கூலி. இதற்கு மேலும் எதற்குக் காத்திருப்பது?

கட்டு சிஸ்டர்:
எண்ணெல்லாம் சரிங்க சார். ஆனா ரெண்டு பாதியிலும் எல்லாருக்கும் அழுத்தக் கட்டு உண்டு, அதை விட்டுட்டீங்க. 24 வாரத்தில் சீக்கிரம் அடைச்சவங்களுக்கு 85.6 சதவீதம் ஆறியிருக்கு, காத்திருந்தவங்களுக்கும் 76.3 சதவீதம் ஆறியிருக்கு. அந்த 76-க்குப் பெரும்பங்கு யாரு? ஒழுங்கான கட்டு.

நம்ம பக்கம் கட்டுன்னா மருந்துக்கடை க்ரேப் பேண்டேஜ் ஒரே ஒரு சுத்து. கணுக்காலில் தளர்வா ஆரம்பிச்சு கெண்டைக்காலில் இறுக்கி முடிக்கிறாங்க. அழுத்தம் தலைகீழாப் போய் பாதம் வீங்குது. செய்ய வேண்டியது இது: பாதம் காலுக்கு 90 டிகிரியில் இருக்கணும். விரல் அடியில் ஆரம்பிச்சு, குதிகாலை விடாம மூடி, முட்டிக்கு ரெண்டு விரல் கீழே முடிக்கணும். பட்டையைப் பாதி நீட்டி, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்தைப் பாதி மூடணும். கணுக்காலில் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரணும்.

கால் சுற்றளவை யாரும் அளக்கிறதே இல்லை. அரைக் கிலோ இழுவை, 10 செ.மீ. அகலப் பட்டை, ரெண்டு அடுக்குன்னு வெச்சுக்குங்க. 18 செ.மீ. கணுக்காலில் 26 மில்லிமீட்டர் அழுத்தம் கிடைக்கும், அதே கை அதே இழுவையில் 25 செ.மீ. வீங்கின காலில் 18-தான். ஒல்லிக் காலில் எலும்பு மேட்டில் தோல் செத்துப்போகும், பருத்த காலில் கட்டு இருந்தும் இல்லாத மாதிரி. சுற்றளவு 18 செ.மீ.க்குக் குறைஞ்ச காலுக்குப் பஞ்சு கூட்டிப் போடணும். முதல் வாரம் வீக்கம் வடிஞ்சு கட்டு நழுவும், அதனால ரெண்டு தடவை மாத்தணும்.

கொண்டை ஊசி 20:
சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எவ்ராவுக்காகச் சலித்தது 6,555 பேரை, எடுத்தது 450. அதாவது நூற்றுக்கு ஏழு பேர். புண்ணுக்கு வயது ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம்தான் இருக்கலாம், கணுக்கால்–கை அழுத்த விகிதம் (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்தது, குறைந்தால் காலுக்கு ரத்தம் போதவில்லை) 0.8-க்குக் குறையக் கூடாது. ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து இரண்டு வருடப் புண்ணோடு இறங்கி வருபவருக்கு அந்த 56 நாளை வாக்குறுதியாகக் கொடுக்க முடியுமா? அப்படிப்பட்டவர் அந்த ஆய்வுக்குள்ளேயே இல்லை.

கஞ்சமலையான்:
முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கட்டை மட்டும் நம்பச் சொல்கிறீர்களா? 2004-ல் வந்த எஸ்கார் ஆய்வைப் பாருங்கள். 500 பேர். கட்டு மட்டும் ஒரு பக்கம், கட்டோடு மேல்சிரை (தோலுக்கு அடியில் ஓடும் சிரை) அறுவை மறுபக்கம். 24 வாரத்தில் இரண்டிலும் 65 சதவீதம் ஆறியது, வித்தியாசமே இல்லை. ஆனால் ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்தது அறுவையில் 12 சதவீதம், கட்டில் 28. நான்கு வருடத்தில் 31-க்கு 56. நின்றே வேலை செய்பவருக்கு இந்த எண்தான் முக்கியம். நிற்கும்போது கணுக்காலில் சிரை அழுத்தம் 80, 90 வரை ஏறும். நடந்தால் கெண்டைக்கால் பிழிந்து இறக்கும், தறி முன்னால் நின்றால் இறங்காது. கட்டு மட்டும் போட்டால், அடைக்காத சிரையும் அதன் கெட்ட வால்வும் அங்கேயே இருக்கின்றன.

இன்னொன்று. மலையிலிருந்து வாரம் ஒரு முறை கட்டு மாற்ற இறங்குவதென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு நாள் கூலி. அந்தச் சுமையையும் கணக்கில் வையுங்கள் டாக்டர்.

மருந்துக்கடை 636:
நடுவில் ஒரு கேள்வி. டயோஸ்மின் மாத்திரை, ஆஸ்பிரின் எல்லாம் எழுதி வருதே, அதற்கு ஆதாரம் இருக்கா?

கொண்டை ஊசி 20:
டயோஸ்மின் வகை வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும். புண்ணை ஆற்றும் என்று நம்பிக் கட்டை அவிழ்க்க வேண்டாம். ஆஸ்பிரின் 150 மில்லிகிராமை நியூசிலாந்தில் 251 பேரிடம் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். கட்டோடு சேர்த்தும் புண் ஆறுவது விரைவுபடவில்லை. பென்டாக்சிஃபைலின் 400 மி.கி. மூன்று வேளை மட்டும் கட்டுக்குத் துணையாக உதவுகிறது. வயிற்றுக் கோளாறு வரும்.

கட்டு சிஸ்டர்:
கூலி விஷயம் நியாயமான வாதம் சார். அதுக்கும் பதில் இருக்கு. 2014-ல் வந்த வீனஸ் 4 ஆய்வில் நாலு அடுக்குக் கட்டையும் ரெண்டு அடுக்கு அழுத்தக் காலுறையையும் ஒப்பிட்டாங்க. இடைநிலை ஆறும் காலம் 98 நாள், 99 நாள். திரும்ப வந்தது கட்டில் 23 சதவீதம், காலுறையில் 14. காலுறையைத் தானே கழட்டி மாட்டலாம், வாராவாரம் இறங்க வேண்டியதில்லை. ஆனா காலுறை போட்டவங்களில் 38 சதவீதம் பேர் நடுவில் வேற சிகிச்சைக்கு மாறிட்டாங்க, கட்டில் 27. பிரிட்டன் குளிரிலேயே அப்படின்னா, சித்திரை வெயிலில் தறிக்கூடத்துக்குள்ள எத்தனை பேர் போடுவாங்க? வேர்வையில் புண் ஓரம் ஊறி வெளுத்துப்போகும், துத்தநாகப் பசையை ஓரத்தில் தடவாட்டி புண்ணே பெருசாகும்.

கஞ்சமலையான்:
அதனால்தான் அடைக்கச் சொல்கிறேன்! ஒரு நாள் வேலை.

கொண்டை ஊசி 20:
அடைப்பதென்றால் லேசரால் சுட்டு அடைப்பது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எவ்ராவில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நுரை ஊசி (சிரைக்குள் நுரை மருந்தைச் செலுத்தி அடைப்பது) மட்டும்தான். ஒரு பங்கு பாலிடோகனால் மருந்து, நான்கு பங்கு காற்று, இரண்டு சிரிஞ்சு, நடுவில் மூவழி அடைப்பான், இருபது முறை தள்ளி இழுத்தால் நுரை. செலவு குறைவு. ஆனால் நுரை சீக்கிரம் உடையும், நிமிடக்கணக்கில் வைத்திருந்தால் வெறும் திரவம்தான் உள்ளே போகும். நீண்ட நாள் பலனிலும் விலை உண்டு: சாதாரண வெரிகோஸில் நடந்த கிளாஸ் ஆய்வின் ஐந்து வருட முடிவு 2019-ல் வந்தது, வாழ்க்கைத் தரத்தில் லேசரும் அறுவையும் நுரையை முந்தின. எதைச் செய்தாலும் முதலில் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். மேல்சிரையில் ஒழுக்கு அரை விநாடிக்கு மேல் இருக்கிறதா, ஆழ்சிரை (தசைக்கு நடுவே ஓடும் சிரை) அடைபட்டிருக்கிறதா. ஆழ்சிரை அடைபட்டிருந்தால், நீங்கள் அடைக்கப் போகும் மேல்சிரைதான் அந்தக் காலின் மாற்று வழியாக இருக்கலாம்.

கஞ்சமலையான்:
சரி, என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்குள் வரும் புண், மேல்சிரை ஒழுக்கு, விகிதம் 0.8-க்கு மேல்: இவர்களைக் காக்க வைப்பது தவறு. இதிலிருந்து நகர மாட்டேன். ஆனால் இரண்டு வாரக் கடிகாரம் சரியான முதல் கட்டு போட்ட நாளிலிருந்து ஓடட்டும்.

கட்டு சிஸ்டர்:
அப்படின்னா எனக்குச் சம்மதம். விகிதத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும். சர்க்கரைக்காரங்களுக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிஞ்சு இறுகி 1.3-க்கு மேல காட்டும். நல்ல எண்ணுன்னு நினைச்சு 40-ல் கட்டிடாதீங்க, கால் விரல் அழுத்தம் பார்க்கணும். 0.5-க்குக் கீழேன்னா கட்டே கூடாது, ரத்தநாள டாக்டர்கிட்ட அனுப்பிடுங்க.

கொண்டை ஊசி 20:
நோயாளியை எங்களிடம் அனுப்பும் சீட்டில் நான்கு எண் எழுதி அனுப்பினால் போதும்: புண்ணின் நீள அகலம், எத்தனை வாரம், கணுக்கால் சுற்றளவு, விகிதம். இப்போது "வெரிகோஸ் அல்சர், டிரெஸ்ஸிங்" என்று மட்டும் வருகிறது.