பாரிஸில் ஒரே ஒரு நாள், அதுவும் கொடும் வெயிலில்: அம்மாவுடன் எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து)

வணக்கம். ஜூலை இறுதியில் அம்மாவை அழைத்துக்கொண்டு ரொறன்ரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். வழியில் ஒரு புதன்கிழமை காலை 7 மணிக்குப் பாரிஸில் இறங்கினால், மறுநாள் காலையில்தான் அடுத்த விமானம். நகருக்குள் செல்ல விசா கிடைத்துவிட்டது; இரவு தங்க விமான நிலையத்துக்கு அருகிலேயே அறையும் எடுத்தாயிற்று. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. நோத்ர தாம் தேவாலயம், லூவர் அருங்காட்சியகம், ஈபிள் கோபுரம், லாச்சப்பல் பிள்ளையார் கோயில் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த நாட்களில் அங்கே வெப்பம் 36, 37 பாகை வரை ஏறுவதுண்டு என்கிறார்கள். கொழும்பு வெயிலில் வாழும் எங்களுக்கு அது ஒரு பொருட்டா? நண்பகலில் எங்கேனும் ஒதுங்கியிருந்துவிட்டு, 3 மணிக்கு ஈபிள் கோபுரத்துக்குப் போவதாக எண்ணியிருக்கிறேன்.

மறுமொழி 1 (பம்பலப்பிட்டியிலிருந்து)

அந்த 3 மணித் திட்டத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். கொழும்பில் 12 மணியைச் சற்றுத் தாண்டியதும் சூரியன் உச்சிக்கு வந்துவிடும். பிறகு கடற்காற்றும் வீசத் தொடங்கும். ஆகவே 3 மணிக்கு வெயில் தாழத் தொடங்கிவிட்டது என்று நமக்குப் பழக்கத்தில் தோன்றுகிறது. பாரிஸிலோ கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருப்பதாலும், அந்த நகரம் தன் நேர வலயத்தின் மேற்கோரத்தில் இருப்பதாலும், சூரியன் உச்சிக்கு வருவதே ஏறத்தாழ 2 மணிக்கு. கல்லும் தாரும் சூடேறி, வெப்பம் உச்சத்தைத் தொடுவது 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில். 2019 ஜூலை 25 அன்று, அந்நகரின் வரலாற்றிலேயே மிக அதிகமாக 42.6 பாகை பதிவான நாளில், நான் அங்கே இருந்தேன். அந்த உச்சமும் மாலை 4 மணிக்குப் பின்னரே பதிவாகியது.

அதைவிட, அது வேறு வகை வெயில். இங்கே 35 பாகையைத் தாண்டுவது அரிது என்றாலும் உடல் வியர்த்து நனைந்துவிடுவதால் களைப்பை நாமே உணர்ந்துகொள்கிறோம். அங்கே காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை தோலில் நிற்பதேயில்லை. கைலேஞ்சியை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பாலத்தில் ஏறினேன். மறுகரைக்கு வருவதற்குள் அது மொரமொரவென்று காய்ந்துவிட்டது. தாகம் தெரியும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். வெளியில் பார்க்க வேண்டியவற்றைக் காலையிலும் இரவு 8 மணிக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை இறுதியில் அங்கே இரவு 9.30 மணியளவில்தான் பொழுது சாயும்.

மறுமொழி 2 (கொட்டாஞ்சேனையிலிருந்து)

தம்பி, லாச்சப்பலில் பதினொரு ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளையாரிலிருந்தே தொடங்குங்கள். விமான நிலையத்திலிருந்து வரும் ஆர்.இ.ஆர். பி தொடருந்து கார் து நோர் நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து லாச்சப்பல் நடக்கும் தூரம்தான். ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே நம் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொள்ளலாம். கோயில் நடை சாத்தும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

பிறகு அதே தொடருந்தில் இரண்டாவது நிலையமான சென் மிஷேலில் இறங்கினால் நோத்ர தாம். 2019 ஏப்ரலில் தீப்பற்றி, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட தேவாலயம் அது. நுழைவுக் கட்டணம் இல்லை. தடித்த கற்சுவர்களுக்குள் கால் வைத்ததுமே உடம்பு குளிர்வதை அம்மா உணர்வார். அருகிலுள்ள செயின் ஆற்றில் 1923 முதல் தடைசெய்யப்பட்டிருந்த குளிப்பு 2025 ஜூலையில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆற்றோரமாக மக்கள் நீந்துவதைப் பார்ப்பதே கண்ணுக்குக் குளிர்ச்சி.

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். தெருவோரங்களில் கரும்பச்சை நிறத்தில் வார்ப்பிரும்பு நீர்த்தாரைகள் நிற்கும். நான்கு பெண்சிலைகள் ஒரு சிறிய கூரையைத் தாங்கியிருக்க, நடுவில் நூல்போலத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். முற்றுகையாலும் போராலும் நகரம் நீருக்குத் தவித்த காலத்துக்குப் பின், 1872 இல் ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் தம் செலவில் நிறுவத் தொடங்கியவை அவை. போத்தலை நேரே அந்த நூலின் கீழ்ப் பிடித்தால் போதும். வேறெங்கேனும் குழாயைக் கண்டால், "நோன் பொத்தாப்ள்" என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அன்று.

பிற்பகல் முழுவதையும் லூவருக்குக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்; புதன்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருப்பது உங்கள் நல்ல காலம். அடையாள அட்டையைக் கொடுத்தால் சக்கர நாற்காலியை இலவசமாகத் தருவார்கள், அம்மா கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளட்டும். அங்கிருந்து ஈபிள் கோபுரத்துக்கு 69 ஆம் இலக்கப் பேருந்தில் செல்லுங்கள். மெட்ரோ நிலையங்களில் பெரும்பாலானவற்றில் படிகள்தான், பழைய பெட்டிகளில் குளிரூட்டியும் இல்லை. கோபுரத்தின் இரும்பு வெயிலில் விரிவதால் உச்சியே சில சென்ரிமீற்றர் சாயும். 2025 ஜூலை வெப்ப அலையின்போது உச்சித் தளத்தை மூடியே விட்டார்கள். இருட்டிய பின் ஒவ்வொரு மணிக்கும் 5 நிமிடங்கள் விளக்குகள் மினுங்கும். 10 மணி வரை இருந்து அதைப் பார்க்காமல் வராதீர்கள்.

மறுமொழி 3 (தெஹிவளையிலிருந்து)

நான் தாதியாகப் பணிபுரிகிறவள். அம்மா இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரானால், குறிப்பாகச் சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரையானால், புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் இந்த வெயிலைப் பற்றிச் சொல்லிக் கேளுங்கள்; நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலையால் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் முதியவர்கள். அம்மாவுக்குத் தலைசுற்றலோ குழப்பமான பேச்சோ கண்டால் ஊர்சுற்றுவதை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு 112 ஐ அழையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லூவருக்குப் பிற்பகல் 2 மணிக்கு முன்பதிவு செய்துவிட்டேன். ஈபிள் கோபுரத்தில் உச்சியை விட்டுவிட்டு, இரவு 8.30 மணிக்கு இரண்டாம் தளம் வரை மட்டும் மின்தூக்கியில் செல்கிறோம். அம்மா நீர் மாத்திரை எடுப்பவர் என்பது உண்மைதான். மருத்துவரைச் சனிக்கிழமை சந்திக்கிறோம். பிள்ளையார் கோயிலில்தான் நாள் தொடங்குகிறது என்று சொன்னபோது, நான் முதலிலேயே அப்படித்தானே சொன்னேன் என்றார் அம்மா.