எஸ்பெராண்டோவ மாத்தணும்னு நின்ன என் அனுபவம்

எல்லா நாட்டுக்காரங்களும் பேசிக்கணும்னு உருவாக்கின எஸ்பெராண்டோ மொழிய கத்துக்க ஆரம்பிச்ச புதுசுல எனக்கு ரெண்டு விஷயம் ஒத்தே வரல, ஒண்ணு தொப்பி வச்ச எழுத்துங்க, கீபோர்டுல வராது, பக்கத்துல எக்ஸ் போட்டு சமாளிக்கணும். இன்னொண்ணு அந்த ‘ன்’ விகுதி. நமக்கு ‘பெரிய வீட்டை’ன்னு ஒரு ‘ஐ’ போதும், அங்க பெரியங்கறதுக்கும் சேத்து ஒட்டணும். இதெல்லாம் தூக்கிட்டா என்னன்னு ஒரு வீடியோ கால்ல கேட்டுட்டேன்.

போலந்துக்காரர் ஒரு பெரியவர் பொறுமையா சொன்னார், இத சாமென்ஹோஃபே 1894ல கேட்டாச்சுப்பான்னு. மொழிய உருவாக்கினவரே தொப்பிய எடுத்துடலாம், ‘ன்’ வேணாம்னு பத்திரிகையில எழுதி சந்தாதாரர்கள்கிட்ட ஓட்டுக்கு விட்டிருக்கார், மொத்தம் 264 ஓட்டுல 157 பேர் ஒண்ணையும் மாத்தாதீங்கன்னுட்டாங்க, அவரும் ஏத்துக்கிட்டார். மொழிக்கு வயசு ஏழு தான் அப்ப! ஆனா அவங்கள்ல பல பேர் எஸ்பெராண்டோவுக்கு முன்னாடியே உருவாக்கின வோலாப்யூக்ங்கற மொழியில இருந்து வந்தவங்க, திருத்தச் சண்டையில அது உடைஞ்சத கண்ணால பாத்தவங்க, சூடு கண்ட பூனை மாதிரி தான் நின்னிருப்பாங்க.

அப்புறம் 1887ல வார்சால வந்த எஸ்பெராண்டோவோட முதல் புத்தகத்த ஸ்கிரீன்ல காட்டினார். கடகடன்னு வாசிச்சேன், சொல் பட்டியல்ல ‘கியான்’ல மட்டும் தடுக்குச்சு. ‘எப்போ’ங்கறதுக்கு முதல்ல அதான் வார்த்தையாம், ஆனா ‘எப்படிப்பட்டதை’ன்னாலும் கியான் தான் வரும், குழப்பம்னு அடுத்த வருஷமே ‘கியாம்’னு மாத்திட்டாங்க. 130 வருஷத்துக்கு மேல பழைய புத்தகம், எனக்கு இடறினது ஒரே வார்த்தை. அன்னைக்கு தான் அந்த 157 பேர் பக்கம் வந்துட்டேன்.

——

அண்ணா, நான் இடோ பக்கம் இருந்து வர்றேன், எஸ்பெராண்டோவ திருத்தி உருவாக்கின மொழி அது. 1907ல உலகத்துக்குப் பொதுவா ஒரு மொழிய தேர்ந்தெடுக்க பாரிஸ்ல கமிட்டி கூடினப்ப எஸ்பெராண்டோவுக்காகப் பேசப் போன போஃப்ரோன் தான் பின்னாடி இடோவ எழுதினது நான்னு சொன்னார், அந்தக் காயம் ஆறவே இல்லன்னு நெனைக்கிறேன். ஆனா இடோவுல இருக்கற பல மாற்றம் சாமென்ஹோஃப் 1894ல கேட்டது தானே, தொப்பி இல்ல, பன்மைக்கு ‘இ’, அடைமொழி அப்படியே நிக்கும். ஆறு மாசம் படிச்சேன், பேச ஆள் கெடைக்கல, அதனால பேசறதுக்கு எஸ்பெராண்டோவுக்கே வந்துட்டேன். டைரி மட்டும் இன்னும் இடோவுல தான் எழுதறேன், விரல் எங்கயும் நிக்காம ஓடும்.