பள்ளிக்கூடத்தில் ஒழுக்கம் படிப்பித்த கதைகள்: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கொடிகாமத்தான்:
நான் தொண்டராசிரியராக, அதாவது நிரந்தர நியமனம் இல்லாத ஆசிரியராக, இருந்த காலம். தவணைப் பரீட்சை, தரம் 9, சைவநெறி. மேற்பார்வைக்கு நானும் ஒரு மூத்த ரீச்சரும். பின் வாங்கில் இருந்த பெடியன் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுவிட்டு எடுக்கிறான். ரீச்சர் போய்க் கையை நீட்டினார். துண்டைக் கொடுத்தான். பஸ் ரிக்கற்றின் பின்பக்கம், பொடி எழுத்தில் நாயன்மார் பெயரும் அவரவர் கதையும்.

ரீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுவதையும் வாசித்தார். "அமர்நீதியாரிட்டைக் குடுத்து வைச்சது கோவணமடா. திருவோடு திருநீலகண்டற்றை கதை. ரெண்டையும் மாறி எழுதியிருக்கிறாய்" என்றார். துண்டைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான்.

அந்த விடைத்தாளைத் திருத்தியது நான். அந்தக் கேள்விக்கு அவன் சரியாக எழுதியிருந்தான், முழுப் புள்ளி. நம்பிக் கொடுத்த பொருள் காணாமல் போனபோது இரண்டு அடியார்கள் பட்ட பாட்டைப் பற்றிய கேள்வி என்பதுதான் இதில் விசேஷம். பிறகு அவனைக் கூப்பிட்டு ஏதும் கதைத்தீர்களா என்று ரீச்சரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் நிரந்தரம், நான் தொண்டர்.

சுன்னாகம் பழசு:
தம்பி, குறை நினைக்காதையுங்கோ, உங்கட ரீச்சர் செய்தது வேலை தப்பிக்கிற வேலை. எங்கள் காலத்தில் துண்டு பிடிபட்டால் பூவரசந் தடிதான். தேவாரம் பாடமில்லை என்று எனக்கும் விழுந்திருக்கிறது, உள்ளங்கை வீங்கி அன்று இரவு சோறு குழைக்க முடியவில்லை, அம்மா தீத்திவிட்டா. இன்றைக்கும் அந்தத் தேவாரம் ஒரு சொல் பிசகாமல் வரும்.

பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆறுமுக நாவலர் 1848 இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கியது உத்தியோகத்துக்கு ஆள் பிடிக்கவா? பிள்ளைகளுக்குப் பாலபாடப் புத்தகங்கள் எழுதியது ஏன்? எழுத்தும் ஒழுக்கமும் ஒன்றாகப் போகவேண்டும் என்றுதான். இப்போது என்ன நடக்கிறது? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தரம் 3 இலேயே ரியூசன். ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலைக்குப் போகவேண்டிய பிள்ளை கணக்கு வகுப்பில் இருக்கிறது. அறநெறி ரீச்சர் வெறும் பாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா. முதலில் ஞாயிறு ரியூசனை நிற்பாட்டுங்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் போனைப் பறித்து வையுங்கள். பிள்ளையை அப்பப்பா அம்மம்மாவோடு இருத்துங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடத்திக் கூட்டிப் போங்கள், மோட்டார் சைக்கிளில் அல்ல. காசு கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பி மிச்சக் காசுக்குக் கணக்குக் கேளுங்கள். இதெல்லாம் செய்தால் சைவநெறிப் புத்தகமே தேவையில்லை.

அரியாலைக்காரி:
ஐயா, பள்ளிக்கூடத்தில் அடிக்கக்கூடாது என்று 2005 இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. தடி இன்னும் போகவில்லை என்பது வேறு கதை. அடி வாங்கி உங்களுக்குத் தேவாரம் பாடமாகியது, சரி. ஒழுக்கமும் அப்படியே பாடமாகியதா என்று சொல்லவில்லையே?

என்னுடைய சம்பவம். தரம் 8, குடியியற் பாடம். கரும்பலகையில் மிஸ் பெரிய எழுத்தில் "எல்லோரும் சமம்" என்று எழுதி, குழுவாக ஒரு சார்ட் செய்யச் சொன்னார். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருத்தியைத் தலைவி ஆக்கினோம், நல்ல கையெழுத்து. மிஸ் அவளைப் பார்த்து, "நீர் ஆற்றை பிள்ளை? எவடத்திலை வீடு?" என்றார். சொன்னாள். "கோயிலுக்கு இஞ்சாலையோ அங்காலையோ?" "அங்காலை மிஸ்." யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

"ஓ... சரி. நீர் கலர் அடியும், தலைவியா இவ நிக்கட்டும்" என்று என் பக்கத்தில் இருந்தவளைக் காட்டினார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு சார்ட்டில் கீறின தராசுக்கு மஞ்சள் அடித்தாள், கோட்டுக்கு வெளியே ஒரு இடத்திலும் போகவில்லை. அந்தச் சார்ட் வருடம் முடியும்வரை அறிவித்தல் பலகையில் தொங்கியது.

சுன்னாகம் பழசு:
பிள்ளை, இந்தச் சாதிக் கதையெல்லாம் இப்ப ஆர் பாக்கினம்? தலைப்பு ஒழுக்கம், அதிலை நில்லுங்கோ.

தீவகத்தான்:
அவ தலைப்பில்தான் நிற்கிறா, ஐயா. பழைய ஒழுக்கத்தைப் பற்றிக் கதைத்தால் அதையும் சேர்த்துத்தான் கதைக்கவேண்டும். 1929 இல் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வகுப்பில் சரிசமமாக இருக்கவேண்டும் என்று சமஆசனத்துக்கு உத்தரவு வந்தபோது இங்கே என்ன நடந்தது? பள்ளிக்கூடங்களுக்கே நெருப்பு வைத்தார்கள். வைத்தவர்களும் பாலபாடம் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

நான் கத்தோலிக்கன். இடம்பெயர்ந்து வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன், வகுப்பில் நான் ஒருவன்தான். அவரவர் சமயத்தை அவரவர் படிக்கவேண்டும், சாதாரணதரப் பரீட்சைக்குக் கட்டாயப் பாடம், ஆனால் எனக்குப் படிப்பிக்க ஆள் இல்லை. சமயப் பாடவேளை முழுக்க விறாந்தைப் படியில் இருப்பேன். ஒருநாள் உள்ளே சேர், "தம்பிரான் தோழர் எண்டு ஆருக்குப் பெயர்?" என்று கேட்டார். ஒருவரும் மூச்சுவிடவில்லை. நான் படியில் இருந்தபடி "சுந்தரர்!" என்று கத்திவிட்டேன். வகுப்பே சிரித்தது. சேர் யன்னலால் எட்டிப் பார்த்து, "வெய்யிலுக்கை ஏன்ரா இருக்கிறாய், உள்ளை வா" என்றார். முன் வாங்கில் இடம் விடச் சொன்னார்.

அடுத்த கிழமையே, பெற்றோர் ஏதும் சொல்லுவினம் என்று அதிபர் என்னைத் திரும்பவும் படிக்கு அனுப்பிவிட்டார். சேர் ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யன்னலுக்குப் பக்கத்தில் நின்றுதான் படிப்பித்தார், என் காதுக்கு விழுகிற மாதிரி.

நெல்லியடி மிஸ்:
எல்லாரும் பாரமான கதையாகச் சொல்கிறீர்கள். என்னுடையது சிரிப்பு, ஆனால் எனக்கு இன்னும் விடை தெரியாதது. தரம் 6 பிள்ளை ஒன்று சைக்கிள் பார்க்கில் 500 ரூபாய்த் தாள் கண்டெடுத்துக் கந்தோரில் கொடுத்தது. அதிபர் காலைப் பிரார்த்தனையில் மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்ட வைத்தார், ஒரு பேனையும் கொடுத்தார். அடுத்த நாள் தொடங்கியது வினை. "மிஸ், பத்து ரூபா கண்டெடுத்தனான்." "மிஸ், இருவது ரூபா, பைப்படியிலை." இடைவேளைக்கு ஆசிரியர் அறை வாசலில் வரிசை. ஒரு சின்னவன் உள்ளங்கையை விரித்தான், வியர்வையில் நனைந்த ஐந்து ரூபாய்க் குற்றி. "எங்கையடா எடுத்தனி?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ரை பையுக்கை மிஸ்" என்றான்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பேனை கொடுப்பதா, கன்ரீனுக்குப் போய் ரோல்ஸ் வாங்கித் தின் என்று அனுப்புவதா? அனுப்பினேன். அன்றோடு அதிபர் மேடையில் கூப்பிடுவதை நிற்பாட்டினார், வரிசையும் நின்றது.

சுன்னாகம் பழசு:
மிஸ், அந்த 500 ரூபா கடைசியிலை ஆற்றை?

நெல்லியடி மிஸ்:
ஒருவரும் தேடி வரவில்லை ஐயா. பள்ளிக்கூட இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிப் பந்தல் செலவில் போட்டதாகக் கேள்வி.